கழிவுநீர் எதுக்களித்தால்

கழிப்பறைப் பீங்கானில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் விளிம்பு வரை ஏறி நிற்பது ஒரு வகை. யாரும் கழிப்பறைப் பக்கமே போகாத நேரத்தில், குளியலறைத் தரையின் ஜல்லடை வழியாகக் கறுத்த தண்ணீர் கொப்பளித்து வருவது இன்னொரு வகை. முதலாவது பெரும்பாலும் அரைமணி நேர வேலை. இரண்டாவது வந்தால் வீட்டுக்கு வெளியே எங்கோ வழி அடைபட்டிருக்கிறது என்று பொருள். எங்கே என்று கண்டுபிடிக்காமல் செலவழிக்கும் பணம் வீணாகிவிடும். குமரி மாவட்டத்தில் ஜூன் தொடங்கி டிசம்பர் வரை இந்த இரண்டாவது வகைதான் வீடுகளைப் படுத்துகிறது. அதற்கான காரணம் மண்ணிலும் மழையிலும் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதல் கால் மணி நேரம்

வீட்டில் எந்தக் குழாயும் ஓடக்கூடாது. மேல்தொட்டியிலிருந்து இறங்கும் கேட் வால்வை மூடுங்கள். மோட்டாரையும் வாஷிங் மெஷினையும் நிறுத்துங்கள். மாடியில் ஆள் இருந்தால் ஓடிப்போய்ச் சொல்லுங்கள். பலர் மறப்பது இதைத்தான். வெளியே போக வழியில்லாத தண்ணீர் வீட்டிலேயே தாழ்ந்த வாய் எதுவோ அதன் வழியாகத்தான் எழும்பும். மாடியில் ஒருவர் நிம்மதியாகக் குளித்தால் அந்தத் தண்ணீர் முழுவதும் கீழ்வீட்டுக் குளியலறையில் வந்து நிற்கும். குளித்தவருக்கு ஒன்றும் தெரியாது.

தண்ணீர் தரைவழியே பரவி ஸ்விட்ச் போர்டையோ கீசர் வயரையோ நெருங்குகிறது என்றால், அந்தத் தண்ணீரில் கால் வைக்கும் முன்பே மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். பிள்ளைகளையும் வயதானவர்களையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். ஜன்னலைத் திறந்து, வீட்டுக்குள் திறக்கும் கதவைச் சாத்துங்கள்.

பிறகு வெளியே போய், வீட்டுச் சுவரை ஒட்டியுள்ள முதல் சேம்பரின், அதாவது கழிவுக் குழாயின் பார்வைத் தொட்டியின், மூடியைத் தூக்குங்கள். அடைப்பு அதைத் தாண்டி இருந்தால் உள்ளே எழும்பிக்கொண்டிருந்த தண்ணீர் அங்கே வழிந்து இறங்கிவிடும். முற்றத்தில் வழிவது நல்லதல்ல என்றாலும் படுக்கையறை வாசல் வரை வருவதற்கு அது மேல். வழியும் தண்ணீர் கிணற்றுப் பக்கம் போகாதபடி மம்பட்டியால் ஒரு வரப்பு போட்டுவிடுங்கள். மூடியைத் தூக்கும்போது காற்று வரும் திசையில் நில்லுங்கள், குனிந்து முகத்தை உள்ளே நீட்டாதீர்கள். பக்கத்தில் பீடி, தீப்பெட்டி எதுவும் வேண்டாம். உள்ளிருப்பது மீத்தேன், தீப்பிடிக்கும்.

இந்த நேரத்தில் கை தானாகப் போவது ஆசிட் பாட்டிலுக்குத்தான். தயவுசெய்து ஊற்றாதீர்கள். தேங்கி நிற்கும் தண்ணீரில் ஊற்றிய ஆசிட் அடைப்பைப் போய்ச் சேராது. மேலேயே நின்று, சற்று நேரம் கழித்துக் கை விட்டு வேலை பார்க்கப்போகும் பிளம்பரின் தோலைப் பொசுக்கும். செப்டிக் டேங்க் வரை போனால் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்களைக் கொல்லும். முன்பே யாராவது பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் இரண்டும் சேர்ந்து குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

எங்கே அடைத்திருக்கிறது

பீங்கானில் மட்டும் தண்ணீர் நிற்கிறது, பக்கத்துத் தரை ஜல்லடையிலும் வாஷ்பேசினிலும் சாதாரணமாக இறங்குகிறது என்றால் அடைப்பு பீங்கானின் வளைவில், அதாவது டிராப்பில் இருக்கிறது. ரப்பர் பம்பை வாயில் அழுத்திவைத்து, ரப்பர் மூழ்கும் அளவு தண்ணீர் இருக்கும்படி பார்த்துக்கொண்டு, ஒரே சீராகக் குத்தி இழுக்க வேண்டும். இழுக்கும்போதுதான் அடைப்பு இளகும். மூர்க்கமாகக் குத்தினால் பீங்கான் விரியும். நம் வீடுகளில் வெளியே வருபவை பெரும்பாலும் ஈர்க்குத் துண்டு, தேங்காய்த் தும்பு, சோப்பு உறை, நாப்கின். கம்பியை வளைத்துக் குடைவதைவிட, கடையில் விற்கும் டிரெய்ன் ஸ்பிரிங்கைச் சுழற்றிச் சுழற்றி விடுவது நல்லது. கம்பி பீங்கானின் மெருகைக் கீறிவிடும். கீறிய இடத்தில் கழிவு ஒட்டிக்கொண்டே இருக்கும்.

தரை ஜல்லடையிலும் சேர்ந்து எழும்பினால் வெளியே வந்துவிடுங்கள். ஒருவர் உள்ளே ஒரே ஒரு வாளி தண்ணீர் ஊற்றட்டும், இன்னொருவர் முதல் சேம்பரைப் பார்க்கட்டும். சேம்பர் காய்ந்து கிடந்தால் அடைப்பு வீட்டுக்கும் சேம்பருக்கும் இடையிலுள்ள குழாயில். சேம்பர் நிரம்பி நின்றால் அடுத்த சேம்பர், அதற்கடுத்தது என்று டேங்கை நோக்கி நடந்துகொண்டே போங்கள். நிரம்பிய கடைசிச் சேம்பருக்கும் காய்ந்த முதல் சேம்பருக்கும் நடுவில்தான் கோளாறு. அங்கே காய்ந்த சேம்பரின் பக்கமிருந்து மூங்கில் பத்தையையோ ஸ்பிரிங்கையோ விடச் சொல்லுங்கள். நிரம்பிய பக்கமிருந்து குத்தினால் அடைப்பு இன்னும் இறுகும்.

எடுத்த இடத்திலேயே மறுபடி மறுபடி அடைத்தால் அது தற்செயல் அல்ல. ஒன்று, குழாயின் வாட்டம் தவறியிருக்கும். 4 அங்குலக் குழாய்க்குப் பத்தடிக்கு 3 அங்குலம் சரிவு இருக்க வேண்டும். மண் அமுங்கி அது குறைந்தால் தண்ணீர் மட்டும் போய்க் கழிவு தங்கிவிடும். இல்லையென்றால் வேர். தென்னையின் வேரும் பூவரசின் வேரும் சிமெண்டு பூசிய இணைப்பில் மயிரிழை அளவு இடைவெளி கிடைத்தாலும் நுழைந்து உள்ளே சடை விரிக்கும். அப்படியென்றால் அந்தத் துண்டைத் தோண்டி மாற்றுவது தவிர வேறு வழியில்லை.

"டேங்க் ரொம்பிட்டு"

எல்லாச் சேம்பரும் நிரம்பி டேங்கும் நிரம்பி நின்றால், பத்தில் ஒன்பது பேர் "டேங்க் ரொம்பிட்டு, வண்டியைக் கூப்பிடு" என்பார்கள். இங்கேதான் நிதானம் வேண்டும். செப்டிக் டேங்க் எப்போதும் நிரம்பித்தான் இருக்கும். ஒரு பக்கம் கழிவு வந்து, கனமானது அடியில் சேறாகப் படிந்து, எண்ணெய்ப் பசை ஏடாக மேலே மிதந்து, நடுவிலுள்ள தண்ணீர் மட்டும் மறுபக்கக் குழாய் வழியாக உறிஞ்சு குழிக்குப் போக வேண்டும். கட்டி முடித்து ஆள் குடியேறிய சில நாட்களிலேயே டேங்க் அந்த வெளிக்குழாய் மட்டம் வரை நிரம்பிவிடும். பிறகு ஆயுள் முழுவதும் அந்த மட்டத்திலேயே நிற்கும். ஆகவே டேங்க் நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பதில் பயனில்லை. வெளிக்குழாய் மட்டத்துக்கு மேலே தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள்.

மேலே நிற்கவில்லை, ஆனால் வீட்டுப் பக்கம் தண்ணீர் ஏறுகிறது என்றால் உள்வரும் குழாயின் வாயை ஏடு இறுகி அடைத்திருக்கிறது. வெளியே நின்றபடி நீண்ட கழியால் அதை உடைத்துவிட்டாலே சரியாகிவிடும். மேலே நிற்கிறது என்றால் இரண்டில் ஒன்று. பல வருடச் சேறு ஏறி வெளிக்குழாயை அடைத்திருக்கலாம், அல்லது உறிஞ்சு குழி உறிஞ்சுவதை நிறுத்தியிருக்கலாம்.

இந்த இரண்டையும் பிரித்தறிய வண்டி வரும் நாள்தான் நல்ல வாய்ப்பு. அதை எல்லோரும் நழுவவிடுகிறோம். நாற்றத்துக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்துவிடுகிறோம். அப்படிச் செய்யாதீர்கள். டேங்கின் நீர்மட்டம் வெளிக்குழாய்க்குக் கீழே ஓரடி இறங்கியதும் ஹோஸை நிறுத்தச் சொல்லுங்கள். தள்ளி நின்று டார்ச் அடித்து அந்தக் குழாயின் வாயைப் பாருங்கள். வாய் சும்மா சொட்டிக்கொண்டிருந்தால் குழி காலியாக இருக்கிறது, கோளாறு சேறுதான், சுத்தம் செய்தால் தீரும். அதன் வழியாகத் தண்ணீர் டேங்குக்குள் திரும்பி ஓடி வந்தால் குழி தளும்பி நிற்கிறது. டேங்கின் பக்கச் சுவரிலிருந்தும் நிறமில்லாத தண்ணீர் கசிந்தால் அது உங்கள் வீட்டுத் தண்ணீரே அல்ல, நிலத்தடி நீர் உள்ளே வருகிறது.

அந்த நிலையில் வண்டிக்குக் கொடுக்கும் பணம் எத்தனை நாளைக்கு உதவும் என்று கணக்குப் போடுங்கள். வீட்டில் ஐந்து பேர், ஆளுக்கு 100 லிட்டர் என்றால் நாளுக்கு 500 லிட்டர். 3,000 லிட்டர் டேங்க் ஆறே நாளில் பழையபடி நிரம்பும். கசிவும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். "போன வாரம்தானே எடுத்தோம்?" என்று வண்டிக்காரரோடு சண்டை போடுவதில் நியாயமில்லை. அவர் வேலையைச் சரியாகத்தான் செய்தார்.

கிணற்றை எட்டிப் பாருங்கள்

தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களுக்காக எழுதிய யோசனைகள் நமக்குப் பாதிதான் பொருந்தும். நமக்கு இரண்டு பருவமழை. ஜூனில் தென்மேற்குச் சாரல் தொடங்குகிறது. பேச்சிப்பாறை அணை திறந்து கன்னிப்பூ நெல் சாகுபடிக்கு அனந்தனாறு, தோவாளைச் சானல்களில் தண்ணீர் வருகிறது. குளங்கள் நிறைகின்றன, நிலத்தடி நீர் மேலே வருகிறது. அது வடிவதற்குள் ஐப்பசி, கார்த்திகை அடைமழை. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயல், 2021 நவம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழை என்று அண்மைக் காலத்தில் நம்மை அடித்தவை பெரும்பாலும் இந்தப் பின்பருவத்தில் வந்தவை. மண் ஏற்கெனவே குடித்துத் தீர்த்த நேரம் அது.

அகஸ்தீஸ்வரம், தோவாளை வட்டங்களில் வயலை நிரப்பிக் கட்டிய வீடுகளின் கதி இதனால்தான் மோசம். மேலே நாலடி செம்மண் கொட்டியிருப்பார்கள், அடியில் இருப்பது நெல் விளைந்த களிமண். அது தண்ணீரைப் பிடித்துவைக்கும் மண். அதனால்தான் அங்கே நெல் விளைந்தது. அதே குணத்தால் உறிஞ்சு குழிக்கு அது ஆகாது. சுசீந்திரம், தேரூர் போன்ற குளத்தங்கரை ஊர்களில் குளம் பெருகினால் குழியும் பெருகும். மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் வெட்டுக்கல் மண். தண்ணீர் நன்றாக இறங்கும், ஆனால் கல்லின் துளைகள் வழியே வடிகட்டாமலே ஓடி, சரிவின் கீழேயுள்ள வீட்டுக் கிணற்றுக்குப் போய்விடும். உங்களுக்குத் தொல்லை தெரியாது, கீழ்வீட்டாருக்கு வயிற்றுப்போக்கு வரும். குளச்சல், மணக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் மணல். மேலே வேகமாக உறிஞ்சும், ஆனால் கொஞ்ச ஆழத்திலேயே நீர்மட்டம், வீடுகளுக்கு நடுவே இடமும் இல்லை.

உங்கள் வீட்டில் கோளாறு குழாயா, மண்ணா என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. நம் ஊரில் வீட்டுக்கு வீடு கிணறு இருக்கிறதே, அதுதான் அளவுகோல். கயிற்றில் வாளியை விட்டு, தரைமட்டத்திலிருந்து தண்ணீர் எத்தனை அடி கீழே நிற்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். உறிஞ்சு குழி எத்தனை அடி ஆழம், எத்தனை உறை இறக்கியது என்று கட்டிய கொத்தனாரிடம் கேளுங்கள். கிணற்றில் தண்ணீர் ஐந்தடியில் நிற்கிறது, குழி எட்டடி என்றால் குழியின் கடைசி மூன்றடி ஏற்கெனவே தண்ணீருக்குள் இருக்கிறது. அந்தக் குழியில் இனி எதுவும் இறங்காது. அதை இன்னும் ஆழமாகத் தோண்டினால் கழிவை நேராக நிலத்தடி நீரில் கலக்கிறோம். "இன்னும் நாலு உறை இறக்கிடலாம்" என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

மழைக்காலம் முடியும் வரை ஓட்ட வேண்டிய வழி, டேங்குக்குப் போகும் தண்ணீரைக் குறைப்பதுதான். அடுக்களைத் தண்ணீரையும் குளித்த, துவைத்த தண்ணீரையும் தனியே பிரித்து, கிணற்றுக்கு எதிர்ப்பக்கம் வாழைக்கும் தென்னைக்கும் விடுங்கள். பழைய வீடுகளில் அப்படித்தான் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே குழாயில் சேர்த்தது பிற்பாடு வந்த பழக்கம். கழிப்பறைத் தண்ணீர் மட்டும் என்றால் டேங்குக்குப் போவது பாதிக்கும் கீழே வந்துவிடும். டேங்கைச் சுத்தமாக வறட்டி எடுக்கவும் வேண்டாம். சுற்றிலும் தண்ணீர் நிற்கும் மண்ணில் காலி டேங்க் மிதக்கப் பார்க்கும். பிளாஸ்டிக், ஃபைபர் டேங்குகள் மண்ணை விட்டு மேலேயே எழும்பியிருக்கின்றன. உறை டேங்குகளில் இணைப்பு விட்டுப்போகும். பாதி எடுத்தால் போதும்.

நிரந்தரத் தீர்வு வேண்டுமானால் கோடையில் வேலையைத் தொடங்குங்கள். களிமண்ணிலும் நீர்மட்டம் உயர்ந்த இடத்திலும் ஆழக் குழிக்குப் பதில், மூன்றடி ஆழத்தைத் தாண்டாத நீளமான வாய்க்கால் வெட்டி, ஜல்லி பரப்பி, துளையிட்ட குழாய் பதித்து மண் மூடலாம். மேல்மண் ஈரத்தை வாங்கும், செடிகள் குடிக்கும், வெயில் காயவைக்கும். இடம் இல்லாதவர்கள் டேங்கை அடுத்து, தண்ணீர் கீழிருந்து ஜல்லி வழியாக மேலேறி வெளியேறும் வடிகட்டி அறை கட்டலாம். எதுவானாலும் குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டர், அதாவது சுமார் 60 அடி தள்ளி இருக்க வேண்டும் என்பது இந்திய தர நிர்ணயம். ஐந்து சென்ட் மனையில் அது நடக்காது என்பது எனக்குத் தெரியும். முடிந்த அளவு தள்ளியும், கிணற்றை விடச் சரிவின் கீழ்ப்பக்கமாகவும் வையுங்கள். பக்கத்து வீட்டுக் கிணற்றையும் உங்கள் கிணறாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழியையும் சிலர் பின்பற்றுகிறார்கள். டேங்கிலிருந்து ஒரு குழாயைச் சானலுக்கோ மழைநீர் ஓடைக்கோ இரவோடிரவாக இறக்கிவிடுவது. செலவில்லை, தொல்லையும் உடனே தீரும். அந்தச் சானல் தண்ணீரில்தான் கீழ்க்கரையில் பிள்ளைகள் குளிக்கிறார்கள், நாற்று நடும் பெண்கள் நாளெல்லாம் முழங்கால் வரை நிற்கிறார்கள். இதைச் செய்யவே கூடாது. சட்டப்படியும் குற்றம்.

டேங்குக்குள் ஆள் இறங்கக் கூடாது

அடைப்பு எவ்வளவு பெரிதானாலும், மழை எவ்வளவு கொட்டினாலும், "ரெண்டு நிமிசம் சார், நான் இறங்கி எடுத்துத் தாரேன்" என்று எவர் முன்வந்தாலும் சம்மதிக்காதீர்கள். டேங்கில் சேரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது, அடியிலேயே தங்கும். குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு ஏறினால் மூக்கின் உணர்வே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. "வாடை போயிட்டு" என்று நினைத்து இறங்குபவர் இரண்டு மூச்சில் விழுவார். அவரைத் தூக்க இறங்குபவர் அடுத்து விழுவார். டேங்க் சாவுகளில் இரண்டு பேர், மூன்று பேர் என்று சேர்ந்து போவது இப்படித்தான். மூடியைத் திறந்து மணிக்கணக்காகப் போட்டுவைத்தாலும் போதாது. சேற்றைக் கிளறும்போது அடியிலிருந்து புதிதாக வாயு கிளம்பும். மெழுகுவர்த்தி இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் மீத்தேன் உள்ள இடத்தில் வெடிக்கு வழி.

2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் பணிக்குத் தடை விதிக்கும் சட்டம், பாதுகாப்புக் கவசம் இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியிருக்கிறது. முதல் தடவைக்கே இரண்டாண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேலை கொடுத்தவர் வீட்டுக்காரராக இருந்தாலும் இது பொருந்தும். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. இத்தனைக்குப் பிறகும் இந்தச் சாவுகள் அதிகம் பதிவாகும் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. இறங்கச் சொல்லப்படுகிறவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். நம் வீட்டுக் குழந்தையை நாம் இறக்க மாட்டோம் என்றால் இன்னொரு வீட்டுப் பிள்ளையையும் இறக்கக் கூடாது.

வண்டியைக் கூப்பிடும்போது உள்ளாட்சி அமைப்பின் உரிமம் பெற்றதா என்று கேளுங்கள். 14420 என்ற கட்டணமில்லா எண் இதற்காகவே இருக்கிறது. எடுத்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள் என்றும் கேட்டுவிடுங்கள். பதில் சொல்லத் தயங்கும் வண்டியை அனுப்பிவிடுங்கள். அது ஏதோ ஒரு குளத்தங்கரைக்குத்தான் போகும்.

கழுவும் முறை

தண்ணீர் இறங்கிய பிறகு ரப்பர் செருப்பு அல்லது கம்பூட், கையுறை, வாய்க்குத் துணி கட்டிக்கொண்டு இறங்குங்கள். காலில் வெடிப்போ புண்ணோ இருப்பவர் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். முதலில் கசடை வழித்து அள்ளி, சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவ வேண்டும். அழுக்கின் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவினால் அழுக்கே அதைத் தின்றுவிடும். கழுவிய பிறகு 10 லிட்டர் தண்ணீருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர் கலக்கித் தெளியவிட்டு, தெளிவை மட்டும் தரையிலும் சுவரில் தண்ணீர் ஏறிய உயரம் வரையிலும் ஊற்றி, கால் மணி நேரம் ஊறவிட்டுக் கழுவுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், அன்று ஆசிட் பாட்டில் அந்தப் பக்கமே வரக்கூடாது. கால்மிதி, பஞ்சு வைத்த பொருள் நனைந்திருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். துணிகளைக் கொதிக்கும் தண்ணீரில் ஊறவைத்துத் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள்.

அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் யாருக்காவது கடும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் சாதாரணக் காய்ச்சல் என்று கடையில் மாத்திரை வாங்கிப் போட வேண்டாம். எலிக்காய்ச்சலாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டி, கழிவுநீரில் நின்று வேலை பார்த்ததைக் கட்டாயம் சொல்லுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

கிணறு பக்கத்தில் இருந்தால் அன்றிலிருந்தே குடிக்கும் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைக்க வேண்டும். கிணற்றுக்கு மருந்து போட அதில் எத்தனை லிட்டர் தண்ணீர் என்று தெரிய வேண்டும். 2 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் தண்ணீரும் உள்ள கிணற்றில் ஏறக்குறைய 9,400 லிட்டர் இருக்கும். அழுக்குப்பட்ட கிணற்றுக்கு 1,000 லிட்டருக்கு 5 கிராம் கணக்கில் 47 கிராம் பிளீச்சிங் பவுடர். கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, பிறகு வாளியில் கரைத்துத் தெளியவைத்து, தெளிவை இன்னொரு வாளிக்கு மாற்றி, கிணற்றுத் தண்ணீருக்குள் அமிழ்த்தி மேலும் கீழும் ஆட்டிக் கலக்க வேண்டும். ராத்திரி போட்டால் காலையில் புழங்கலாம். பழைய, உறை திறந்து கிடந்த பவுடரில் வீரியம் இருக்காது. இதோடு விட்டுவிடாமல், ஒரு மாதம் கழித்துக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். ஈ.கோலி இருந்தால் டேங்கோ குழியோ இன்னும் கிணற்றுக்குள் கசிகிறது.

பூட்டிக் கிடக்கும் குளியலறை

2024 ஜூன் 11 அன்று புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில் கழிப்பறை வழியாக வீட்டுக்குள் வந்த விஷவாயு மூன்று பேரைக் கொன்றது. ஒருவர் 15 வயதுச் சிறுமி. தெருவின் பாதாளச் சாக்கடையிலிருந்து வாயு ஏறி வந்தது. வாயுவுக்கும் வீட்டுக்கும் நடுவில் நிற்பது டிராப்பில் தேங்கியிருக்கும் இரண்டு அங்குலத் தண்ணீர் மட்டும்தான். இடத்தையோ பணத்தையோ மிச்சப்படுத்த டிராப் இல்லாமல் குழாயை நேராக இணைத்துவிட்டால் அந்தக் காவலும் இல்லை.

நாகர்கோவிலில் பாதாளச் சாக்கடையோடு இணைப்பு எடுப்பவர்கள் ஒவ்வொரு பீங்கானுக்கும் ஒவ்வொரு தரை ஜல்லடைக்கும் அடியில் டிராப் இருக்கிறதா, வாட்டர் சீல் 50 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று தங்கள் கண்ணால் பார்த்த பிறகு டைல்ஸ் ஒட்ட அனுமதியுங்கள். தெருச் சாக்கடை நிரம்பினால் வீட்டுக்குள் திரும்பாமலிருக்க, வெளிச் சேம்பரில் நான்-ரிட்டர்ன் வால்வும் வையுங்கள். வருடம் ஒருமுறை அதைத் திறந்து கழுவாவிட்டால் குப்பை சிக்கி மூடாமல் நின்றுவிடும்.

நம் மாவட்டத்தில் வெளிநாட்டிலோ வெளியூரிலோ வேலை பார்ப்பவர்களின் வீடுகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கின்றன. மாடிக் குளியலறை விருந்தாளி வந்தால் மட்டும் திறக்கப்படுகிறது. அங்கே டிராப்பின் தண்ணீர் வற்றிவிடும். சாவி வைத்திருக்கும் சொந்தக்காரரிடம் மாதம் ஒருமுறை எல்லா ஜல்லடையிலும் பீங்கானிலும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். டேங்கின் வென்ட் பைப் உச்சியில் கட்டிய கொசுவலை தூசியால் அடைத்திருக்கிறதா என்றும் அவரே பார்க்கட்டும். வென்ட் அடைத்தால் தண்ணீர் இறங்கும்போது குழாயில் 'களக், களக்' என்று சத்தம் கேட்கும். எதுக்களிப்பு வரும் முன்னும் பல வீடுகளில் இதே சத்தம் சில நாட்கள் கேட்டிருக்கும்.

டேங்கை எடுக்கச் சரியான காலம் மாசி, பங்குனி. நீர்மட்டம் தாழ்ந்திருக்கும், வண்டிக்கு அலைய வேண்டாம், சுவரில் விரிசல் இருந்தால் தெரியும், பூசவும் நாள் கிடைக்கும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். பத்து வருடம் எடுக்கவில்லை என்று பெருமையாகச் சொல்பவர் வீட்டு டேங்கின் அடி உடைந்து எல்லாம் மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். எடுத்த தேதியை மின்சார அட்டையோடு சேர்த்து எழுதிவையுங்கள். கல்யாணத்துக்காக முற்றத்தில் டைல்ஸ் போடும்போது டேங்க் மூடியையும் சேம்பர் மூடியையும் சேர்த்து மூடிவிடாதீர்கள். அந்த இடத்தை மட்டும் தனிச் சட்டமாக விட்டு, இரண்டு கொக்கி வைத்துத் தூக்கும்படி செய்யச் சொல்லுங்கள். ஐப்பசி ராத்திரியில் தண்ணீர் ஏறும்போது, பாரையை எடுத்து டைல்ஸை உடைத்து மூடி எங்கே என்று தேட நேரம் இருக்காது.